கால்வாய்த் தண்ணீரில் டைக்ளோபெனாக்: சி18 பிடிக்கவே மாட்டேன் என்கிறது, எச்.எல்.பி வாங்கத்தான் வேண்டுமா?

கால்வாய்க்கரை

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில் எம்.பில் செய்கிறேன். வெள்ளவத்தைக் கால்வாய், கிருலப்பனைப் பக்கம், அப்படியே களனியில் ஓரிரு இடம் என்று தண்ணீர் எடுத்து அதில் மருந்து எச்சம் பார்ப்பதுதான் வேலை. வலிப்பு மருந்தான காபமசெப்பின், வலி மருந்துகளான டைக்ளோபெனாக், இபுபுரோபன் ஆகிய மூன்றும்தான் இலக்கு. டைக்ளோபெனாக்கைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாகிஸ்தானில் பாறுக் கழுகுகள் கூட்டமாகச் செத்ததற்கு மாடுகளுக்குக் கொடுத்த இந்த மருந்துதான் காரணம் என்று 2004 இல் வெளிவந்தது, அதன் பிறகு 2015 இல் ஐரோப்பிய ஒன்றியமும் நீரில் கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலில் இதைப் போட்டது. எங்கள் ஊரில் வலி என்றால் பாமசியில் பலர் கேட்பதும் இதைத்தானே.

எங்களிடம் இருப்பது எச்.பி.எல்.சி யூ.வி (கலவையைக் கொலம் என்ற குழாயில் பிரித்து, புற ஊதா ஒளி உறிஞ்சலால் பார்க்கிற கருவி) மட்டும், அதைவிட நுண்ணிய எல்.சி.எம்.எஸ் (திணிவு நிறமாலைமானி சேர்ந்தது) இல்லை. அதனால் திண்ம அவத்தைப் பிரித்தெடுப்பில் (எஸ்.பி.ஈ: தண்ணீரைக் காட்ரிட்ஜ் ஒன்றின் ஊடாக விட்டு, மருந்தை அதில் பிடித்து, பிறகு சிறிது கரைப்பானால் இறக்குவது) நன்றாகச் செறிவாக்கினால்தான் ஏதாவது தெரியும். இப்போது செய்வது இதுதான்: சி18 (18 காபன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா), 500 மி.கி, 6 மி.லி காட்ரிட்ஜ். மெதனோல் 6 மி.லி, பிறகு காய்ச்சி வடித்த நீர் 6 மி.லி. அதன் மேல் கண்ணாடி நார் வடிதாளில் வடித்த மாதிரி 500 மி.லி. பிறகு 5 வீத மெதனோல் நீரால் ஒரு கழுவல், வக்கியூமில் காய விடுதல், மெதனோல் 3 மி.லி ஆக இரண்டு தடவை இறக்கி, நைதரசனில் வற்றவைத்து, நகரும் அவத்தையில் (எச்.பி.எல்.சி இல் ஓடுகிற கரைப்பான்) 1 மி.லி ஆக்கி ஊசி.

காய்ச்சி வடித்த நீரில் ஸ்பைக் பண்ணினால் (அளவு தெரிந்த மருந்தைச் சேர்த்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால்) காபமசெப்பின் மீட்பு 90 வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, இபுபுரோபன் பாதி, டைக்ளோபெனாக் 40 வீதமளவு. அதையே கால்வாய்த் தண்ணீரில் செய்தால் காபமசெப்பின் பெரிதாக மாறவில்லை, மற்ற இரண்டும் இன்னும் விழுந்து டைக்ளோபெனாக் 15 வீதம்கூட வரவில்லை. கண்காணிக்கிற சேர் எச்.எல்.பி (சிலிக்காவுக்குப் பதில் பல்பகுதியம் நிரப்பிய காட்ரிட்ஜ்) வாங்குவோம் என்கிறார், ஏஜென்டைக் கேட்டால் ஓடர் போட்டு மாதக்கணக்கில் நிற்க வேண்டுமாம், விலையைச் சொல்லவே வேண்டாம். கையில் இருக்கிற சி18 ஐ வைத்து ஏதாவது செய்ய முடியாதா?

---

பழைய_பிப்பெட்

தம்பியோ தங்கச்சியோ, மாதிரியின் பீஎச் என்ன என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சி18 பிடிப்பது தண்ணீரை விரும்பாத, மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுகளை. டைக்ளோபெனாக் ஒரு காபொட்சிலிக் அமிலம், அதன் பீகேஏ (பாதி அயனாகி நிற்கிற பீஎச்) 4.2 அளவில். இபுபுரோபன் 4.9 அளவில். கால்வாய்த் தண்ணீர் 7.3 என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே டைக்ளோபெனாக்கில் ஆயிரத்துக்கு ஒன்று கூட நடுநிலையாக இல்லை, மிச்சம் எல்லாம் அயன். அயனையும் சி18 கொஞ்சநேரம் பிடித்து வைக்கும்தான், ஆனால் நீங்கள் அரை லீற்றர் ஊற்றுகிறீர்கள். முதல் 50 மி.லி இல் ஒட்டியதைப் பின்னால் வருகிற தண்ணீரே கழுவிக்கொண்டு போய்விடும்.

காய்ச்சி வடித்த நீரில் ஏன் கொஞ்சம் கூட வந்தது என்பதற்கும் இதுதான் பதில். திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி 5.6 அளவுக்கு இறங்கிவிடும், அங்கே டைக்ளோபெனாக்கில் நான்கு வீதமளவு நடுநிலை, இபுபுரோபனில் அதைவிடக் கூட. உங்கள் எண்கள் அதே வரிசையில்தான் விழுந்திருக்கின்றன, பாருங்கள். காபமசெப்பினுக்கு இந்தப் பீஎச் எல்லையில் ஏற்றமே இல்லை, அதனால் அதற்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். அது 90 இல் நிற்பதால் காட்ரிட்ஜ் நனைத்தது, இறக்கியது, வற்றவைத்தது எல்லாம் ஓரளவு சரி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே வடித்த பிறகு ஐதரோகுளோரிக் அமிலம் துளித்துளியாக விட்டு பீஎச் 3 க்குக் கொண்டுவாருங்கள். கன பேர் 2 என்று எழுதுவார்கள், சிலிக்காவில் ஒட்டிய சி18 க்கு 2 என்பது விளிம்பு. 3 இலேயே டைக்ளோபெனாக் 94 வீதம் நடுநிலை, அது போதும். அமிலமாக்கிவிட்டு நாளைக்கு ஊற்றலாம் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், டைக்ளோபெனாக் அமிலத்தில் மெல்ல வளையமாக மூடி வேறு பொருளாக மாறும். ஊற்றுவதற்குச் சற்று முன்னால் செய்தால் போதும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், பலர் விடுகிற இடம். காட்ரிட்ஜை நனைக்கிற நீரும் கடைசியில் கழுவுகிற அந்த 5 வீத மெதனோல் நீரும் அதே பீஎச் 3 இல் இருக்க வேண்டும். மாதிரியை மட்டும் அமிலமாக்கிவிட்டு வெறும் நீரால் கழுவினால், பிடித்து வைத்தது மறுபடி அயனாகிக் கழுவலோடு போகும்.

---

துளித்துளி

மேலே அண்ணா சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதோடு நிற்காமல் பொருள் எங்கே போகிறது என்று பிடித்துப் பாருங்கள், அதற்கு ஒரு நாள் கூட முழுதாகத் தேவையில்லை. எஸ்.பி.ஈ இல் மீட்பு குறைந்தால் எல்லாரும் உடனே காட்ரிட்ஜை மாற்றுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதே இல்லை. பொருள் எங்கேயும் காணாமல் போவதில்லை, நீங்கள் சிங்கில் ஊற்றிய ஏதோ ஒன்றில் இருக்கிறது.

செறிவு கூடிய ஸ்பைக் ஒன்றைப் போடுங்கள், செறிவாக்காமலே யூ.வி இல் தெரிகிற அளவுக்கு. ஊற்றும்போது வெளியே வருகிற தண்ணீரை நூறு நூறு மி.லி ஆகத் தனித்தனியாகப் பிடியுங்கள், கழுவலைத் தனியாக, முதல் 3 மி.லி ஐத் தனியாக, இரண்டாவதைத் தனியாக, அதற்கு மேலும் ஒரு 3 மி.லி விட்டு அதையும். எல்லாவற்றையும் ஊசி போடுங்கள். முதல் நூறில் ஒன்றும் இல்லாமல் மூன்றாவது நூறில் தொடங்கினால் அது உடைத்துக்கொண்டு போவது, அதாவது பீஎச் அல்லது கொள்ளளவு. முதல் நூறிலேயே வந்தால் காட்ரிட்ஜ் வடிவாக நனையவில்லை அல்லது வேகம் கூட. கழுவலில் இருந்தால் கழுவல் பலம் கூட. கூடுதலாக விட்ட அந்த 3 மி.லி இல் இருந்தால் நீங்கள் முழுதாக இறக்கவில்லை. எங்கேயுமே இல்லாமல் கூட்டுத்தொகையும் குறைந்தால்தான் வற்றவைக்கும்போது போனதா, வடிதாளில் ஒட்டியதா, குப்பியில் ஒட்டியதா என்று யோசிக்க வேண்டும்.

கால்வாய்த் தண்ணீருக்கு இன்னுமொன்று தேவை. ஸ்பைக் போடாத கால்வாய் மாதிரியை முழுக்க எஸ்.பி.ஈ செய்து, வற்றவைக்கும் முன் கடைசி இறக்கலில் ஸ்பைக் போட்டு ஊசி போடுங்கள். முதலிலேயே ஸ்பைக் போட்டதோடு இதை ஒப்பிட்டால்தான் காட்ரிட்ஜில் இழந்தது எவ்வளவு, அழுக்கு உச்சியை மறைத்ததால் தவறாகத் தெரிவது எவ்வளவு என்று பிரிக்க முடியும். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற டைக்ளோபெனாக்கைக் கழிக்க மறக்காதீர்கள், அது வெள்ளவத்தைக் கால்வாய், சும்மா இருக்காது.

வேகத்தையும் எழுதவில்லை நீங்கள். 500 மி.லி ஐ நிமிடத்துக்கு 5 மி.லி இல் விட்டால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகும், அது அப்படித்தான். குழாயில் போடுகிற நீர் அஸ்பிரேட்டரால் இழுக்கிறீர்கள் என்றால் தண்ணீர் அழுத்தம் ஏறி இறங்கும்போது உங்கள் வேகமும் ஏறி இறங்கும், அத்துடன் தண்ணீர் நின்றால் பின்னால் இழுத்து எல்லாவற்றையும் நாசமாக்கும், நடுவில் ஒரு வெற்றுப் போத்தல் வையுங்கள். மெதனோலுக்குப் பிறகு மாதிரி போகும்வரை சி18 ஐக் காய விடக்கூடாது என்பது தெரிந்திருக்கும்.

---

சும்மா_ஒரு_கேள்வி

இவ்வளவு கஷ்டம் எதற்கு, அமிலமாக்கி டைகுளோரோமெதேனில் பிரிபுனலில் குலுக்கி எடுத்தால் முடிந்ததே? காட்ரிட்ஜ் செலவும் இல்லை. அல்லது காட்ரிட்ஜையே மெதனோலால் கழுவித் திரும்பப் பாவிக்கலாம், எங்கள் லாபில் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

துளித்துளி

பிரிபுனல் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அரை லீற்றருக்கு மூன்று தடவை குலுக்க எவ்வளவு டைகுளோரோமெதேன் போகும் என்று கணக்குப் பாருங்கள், அதை எங்கே ஊற்றுவது என்பதையும் யோசியுங்கள். கால்வாய்த் தண்ணீரைக் குலுக்கினால் நடுவில் ஒரு நுரைப் படலம் வந்து மத்தியானம் வரை பிரியாமல் நிற்கும்.

காட்ரிட்ஜைத் திரும்பப் பாவிப்பது பற்றி: கை பழகுவதற்கு, வேகம் சரிபார்ப்பதற்கு, காய்ச்சி வடித்த நீரில் ஸ்பைக் செய்து படிமுறையை அமைப்பதற்கு, தாராளமாகப் பாவியுங்கள். 2022 இற்குப் பிறகு ஒரு பெட்டி எடுக்க என்ன பாடு என்று எங்களுக்கும் தெரியும். அறிக்கையில் போகிற உண்மை மாதிரிக்கு மட்டும் வேண்டாம். கிருலப்பனைத் தண்ணீர் போன காட்ரிட்ஜில் அடுத்து அம்பத்தளைக்கு மேலே எடுத்த தண்ணீரை ஊற்றி அதில் டைக்ளோபெனாக் வந்தால், அது எந்தத் தண்ணீருடையது என்று யாருக்குத் தெரியும்? கொழும்புக் குடிநீர் எடுக்கிற இடத்தைப் பற்றி அப்படி ஓர் எண்ணை எழுதிவிட்டுப் பிறகு வாபஸ் வாங்க முடியாது.

---

கால்வாய்க்கரை

எல்லாருக்கும் நன்றி. பீஎச் 3, கழுவல் நீரும் பீஎச் 3, துளித்துளி அக்கா/அண்ணா சொன்னபடி பகுதி பகுதியாகப் பிடித்தும் பார்த்தேன். அமிலமாக்காத ஓட்டத்தில் டைக்ளோபெனாக் இரண்டாவது நூறிலேயே வெளியே வரத் தொடங்குகிறது, அமிலமாக்கினால் ஐந்தாவது நூறு வரை சுத்தம். காய்ச்சி வடித்த நீரில் மூன்றும் 85 இற்கு மேல். சேரிடம் காட்டினேன், ஓடரை இப்போதைக்கு நிறுத்தியாயிற்று.

ஆனால் கால்வாய்த் தண்ணீரில் புதிய தலையிடி. இறக்கிய மெதனோல் தேத்தண்ணீர் நிறத்தில் வருகிறது, முன்பு இப்படி இல்லை. குரோமற்றோகிராமில் (எச்.பி.எல்.சி தருகிற வரைபடம்) ஒரு பெரிய மேடு, இபுபுரோபன் அதற்குள் புதைந்துவிட்டது. டைக்ளோபெனாக் மேட்டின் சரிவில் தோள் மாதிரி நிற்கிறது. மூன்றையும் 220 நானோமீற்றரில்தான் பார்க்கிறேன். காபமசெப்பின் பரவாயில்லை.

இன்னொன்று, வற்றவைக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நைதரசன் விட்டாலும் கடைசித் துளி போவதில்லை.

---

பழைய_பிப்பெட்

அந்த நிறம் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள், அதாவது இலை குழை உக்கி வருகிற கபிலப் பொருள். அவையும் காபொட்சிலிக் அமிலங்கள்தான், பீஎச்சை இறக்கியதும் உங்கள் மருந்தைப் போலவே அவையும் ஏற்றத்தை இழந்து சி18 இல் உட்கார்ந்துவிட்டன. பீஎச் 2 க்குப் போயிருந்தால் இன்னும் மோசம், 3 க்குக் கீழே போகவேண்டாம்.

முதலில் காசு செலவில்லாதது: எல்லாவற்றையும் 220 இல் பார்ப்பதை நிறுத்துங்கள். ஹியூமிக் குறைந்த அலைநீளத்தில்தான் கூடுதலாக உறிஞ்சும். டைக்ளோபெனாக்கை 276 இல் பாருங்கள், காபமசெப்பினை 285 இல். மேடு பாதியாவது இறங்கும். இபுபுரோபனுக்கு அந்த வசதி இல்லை, 264 இல் அதற்கு மிகச் சிறிய உறிஞ்சல்தான், 220 பக்கம்தான் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது கழுவல். 5 வீத மெதனோல் உப்பை எடுக்கும், ஹியூமிக்கை அசைக்காது. பீஎச் 3 இலேயே 20 வீதம், பிறகு 30 வீதம் என்று ஏற்றிப் பாருங்கள், ஒவ்வொரு கழுவலையும் பிடித்து ஊசி போட்டு. முதலில் கசியப்போவது காபமசெப்பின், மூன்றில் அதுதான் தண்ணீரோடு அதிகம் சேரும், அது தெரியத் தொடங்கியதும் ஒரு படி கீழே வந்து நில்லுங்கள்.

மூன்றாவது, மெதனோலுக்குப் பதில் எதைல் அசற்றேற்றால் இறக்குங்கள். மெதனோல் பிடித்த எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும், எதைல் அசற்றேற்றுக்கு உங்கள் மூன்று மருந்தும் வரும், கபில நிறத்தில் ஒரு நல்ல பங்கு காட்ரிட்ஜிலேயே நிற்கும். ஆனால் அது தண்ணீரோடு கலக்காது, காட்ரிட்ஜில் ஈரம் இருந்தால் சிலிக்காவின் துளைகளுக்குள் போகவே மாட்டாது. வக்கியூமில் அரை மணித்தியாலம் இழுங்கள், கையால் தொட்டால் குளிர் போயிருக்க வேண்டும். கரைப்பானை விட்டு ஒரு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு மெதுவாக இறக்குங்கள்.

தண்ணீர் மிஞ்சுவதும் பாதி இதனால்தான், காட்ரிட்ஜ் காயவில்லை. மற்றப் பாதி கொழும்புக் காற்று. ஏசி இல்லாத அறையில் கரைப்பான் ஆவியாகும்போது குழாய் குளிர்ந்து, சுற்றியுள்ள ஈரம் உள்ளேயே ஒடுங்கி இறங்கும். குழாயின் அடியை 40 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள். எதைல் அசற்றேற்றுக்கு மாறினால் சிறிது நீரற்ற சோடியம் சல்பேற்றுக்கு மேலால் விட்டும் எடுக்கலாம்.

---

நுகேகொடை_ஆள்

இபுபுரோபனைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றால் கடைசியில் ஒரு அயன் பரிமாற்றக் காட்ரிட்ஜ் பற்றி யோசியுங்கள், எச்.எல்.பி வாங்குகிற காசை அதில் போடலாம். மேக்ஸ் என்று விற்பது, எச்.எல்.பி போன்ற பல்பகுதியத்தில் நேரேற்றம் உள்ள கூட்டம் சேர்த்தது. பீஎச் 3 இலேயே ஊற்றுங்கள், பிறகு 5 வீத அமோனியா நீரால் கழுவினால் டைக்ளோபெனாக்கும் இபுபுரோபனும் அயனாகி அந்த நேரேற்றத்தில் பூட்டிக்கொள்ளும். இப்போது சுத்த மெதனோல் விட்டால் காபமசெப்பினும் ஏற்றமில்லாத குப்பையும் வரும், அதைத் தனியாகப் பிடியுங்கள். கடைசியில் 2 வீத போமிக் அமிலம் சேர்த்த மெதனோல், அதில் உங்கள் இரண்டு அமிலமும். எச்.எல்.பி க்குப் போனால் இந்தப் பிரிப்புக் கிடைக்காது, சி18 இல் வந்த ஹியூமிக் அங்கேயும் வரும். சேரிடம் இதைச் சொல்லுங்கள்.

---

சும்மா_ஒரு_கேள்வி

வெள்ளவத்தைக் கால்வாய் வாயில் கடல் தண்ணீர் ஏறி வருமே, அவ்வளவு குளோரைட் இருந்தால் அயன் பரிமாற்றம் எங்கே நடக்கும்?

---

நுகேகொடை_ஆள்

நல்ல கேள்வி. அதற்காகத்தான் பீஎச் 3 இல் ஊற்றச் சொன்னேன். ஊற்றும்போது மருந்துகளைப் பிடிப்பது பல்பகுதியத்தின் உடல், நேரேற்றம் அல்ல. குளோரைட் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. உப்பெல்லாம் போன பிறகு அமோனியா விடும்போதுதான் பூட்டு விழுகிறது. நடுநிலையில் நேரே ஊற்றினால் நீங்கள் சொல்வது நடக்கும். எதற்கும் வாயில் எடுத்த மாதிரிக்கும் கிருலப்பனை மாதிரிக்கும் தனித்தனியாக ஸ்பைக் பார்க்க வேண்டும், ஒன்றின் மீட்பை மற்றதற்குப் பாவிக்க முடியாது.

---

துளித்துளி

காசு போடுமுன் இதையும் பார்க்கவும். 500 மி.லி ஐ 1 மி.லி ஆக்கினால் 500 மடங்கு. கால்வாயில் லீற்றருக்கு 0.2 மைக்ரோகிராம் இருந்தால் ஊசிக் குப்பியில் லீற்றருக்கு 100 மைக்ரோகிராம், 20 மைக்ரோலீற்றர் போட்டால் கொலத்துக்குள் போவது 2 நானோகிராம். டைக்ளோபெனாக் 276 இல் அது தெரியலாம், அடிக்கோடு சுத்தமாக இருந்தால். இபுபுரோபன் 220 இல் அந்தக் கால்வாய்த் தண்ணீரோடு கஷ்டம். உங்கள் ஸ்டாண்டட்டில் 2 நானோகிராம் இபுபுரோபனை ஊசி போட்டு உச்சி வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சுத்தக் கரைசலிலேயே வரவில்லை என்றால் எந்தக் காட்ரிட்ஜும் உதவாது, இபுபுரோபன் இறக்கலை மட்டும் எல்.சி.எம்.எஸ் உள்ள இடத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

---

கால்வாய்க்கரை

போட்டுப் பார்த்தேன், 276 இல் டைக்ளோபெனாக் வடிவாக வருகிறது, இபுபுரோபன் இரைச்சலுக்கு மேலே கொஞ்சம்தான். எதைல் அசற்றேற்று இங்கே இருக்கிறது, கழுவல் 20 வீதத்தில் தொடங்குகிறேன். மேக்ஸ் ஒரு சிறிய பெட்டி மட்டும் கேட்டு விலை எடுக்கச் சொல்லி சேருக்கு எழுதிவிட்டேன், வந்தால் வாய்ப்பக்க மாதிரியையும் கிருலப்பனையையும் சேர்த்துப் போட்டுவிட்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.